பதினான்காம் கேள்வி

அருகிலுள்ள பசுமை வெளிக்கு
நடந்து போக எத்தனை நிமிடம்?

படிவத்தில் உள்ளபடியே வாசித்தேன்.
சந்தனமேரி கூடையை இறக்கவில்லை.
நெற்றிக் கயிற்றை மட்டும் கொஞ்சம் தளர்த்தி
லயத்தின் ஓரத்தைப் பார்த்தார்.
தகரக் கூரை முடியும் இடத்தில் கான்,
கானுக்கு அந்தப் பக்கம் தேயிலை.
தேயிலைக்கு மேலே தேயிலை,
மூடுபனி வந்து போதும் என்னும்வரை தேயிலை.

"எட்டு எட்டு வெச்சா வந்துரும் புள்ள.
வேலை நேரத்துல வெச்சா பேரு விழும்,
மத்த நேரத்துல வெச்சா வாச்சர் வருவான்.
இதுக்கு எத்தனை நிமிஷம்னு போடுவ?"

பெட்டியில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம்.
01 என்று போட்டேன்.

நானும் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவள்.
ஆறு மாத ஒப்பந்தம், நாளுக்குப் பன்னிரண்டு வீடு,
மழைக்கோட்டு அவர்களுடையது.

பிள்ளை மடுவத்துக்குக் கீழே
ரோட்டு வளைவில் கிரிக்கெட்.
விக்கெட்டுக்குப் பெயிண்ட் வாளி.
கொழுந்து லொறி வந்தால் ஆட்டம் நிற்கும்.
தர்ஷிகன், ஒன்பது வயது, எனக்குச் சட்டம் சொன்னான்:
சிக்ஸ் அடிக்கக் கூடாது.
அடித்தவன் அவுட், பந்தும் அவுட்.
தேயிலைக்குள் விழும் பந்துக்குச் சத்தமே வராது.

கண்டியில், காலில் குளிர் ஏறும் ஓர் அறையில்
செய்மதி பார்த்த படத்தைச் சுவரில் காட்டினார்கள்.
எங்கள் பிரிவு ஒரே பச்சை.
ஆளுக்கு எண்ணூற்றுப் பத்துச் சதுர மீற்றர்.
டவுனில் ஆளுக்கு மூன்று.
ஆகவே டவுனுக்குப் பூங்கா,
கம்பி வேலி, ஐம்பது ரூபா டிக்கெட்.
வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.
பஸ்ஸுக்கு நிற்கிறவளுக்கும் நிழல் வேண்டும்தானே.

லயம் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன்.
சாம்பலில் ஒரு கீறல்.
இருபத்துநான்கு காம்பராவும்
இரண்டரைப் புள்ளிக்குள் அடங்கிவிட்டன.
பக்கத்தில் எழுதியிருந்தது:
முன்னுரிமை, குறைவு.

அந்த அம்மா சொன்னதைப் படிவத்தின் ஓரத்தில்
அவர் சொன்னபடியே எழுதியிருந்தேன்.
தரவைச் சுத்தம் செய்கிற தம்பி நல்லவன்.
"அக்கா, இதுக்கு நிரல் இல்லையே," என்றான்.
உண்மையிலேயே வருத்தப்பட்டான்.

அடுத்த வருஷம்
மூன்றாம் நம்பர் மலைக்குக் கவ்வாத்து.
பதினொரு ஹெக்டயர் வெறும் குச்சி.
செய்மதி அன்றும் அந்த வழியாகத்தான் போனது.
பச்சை இழப்பு என்று சிவப்புக் கட்டம் போட்டது.

இரண்டே நாளில் ஜீப் வந்துவிட்டது.
எந்த மரத்தை வெட்டினீர்கள்,
யார் அனுமதி தந்தது?
லயத்தின் பின்சுவர் போன ஆனி மழையில் பிளந்து,
வெடிப்புக்குள் கை நுழைகிற அளவுக்கு அகன்று,
நான்கு கடிதம் போயும்
வராத ஜீப் அது.
சந்தனமேரி அவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாராம்.
சீனி குறைவாக, என்று கேட்டார்களாம்.

நான் போன அன்று
பிள்ளைகள் குச்சிகளுக்கிடையே குனிந்து திரிந்தார்கள்.
பதினேழு பந்து.
மயிர் கொட்டியது, பாதி பிளந்தது,
பாசி பிடித்து நிஜமாகவே பச்சையானது ஒன்று.
எல்லாவற்றையும் கானோரம் அடுக்கிவிட்டு
தர்ஷிகன் சட்டத்தை மாற்றினான்.
வாச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.
வெறும் குச்சியில் எதைக் காவல் காப்பது?

"இப்பக் கேளு அந்தக் கேள்விய,"
என்றார் சந்தனமேரி.
"தளிர் வர இன்னும் எழுபது நாளு இருக்கு."

நான் பையைத் திறப்பதற்குள்
தலைக்கு மேலே ஒரு பந்து போனது,
உயரமாய், வேண்டுமென்றே.
அது விழும் சத்தத்துக்காக
இருவரும் பேசாமல் நின்றோம்.