வித்து, விற்று, விட்டு

மூதூர்ப் படகு இன்னும் வரவில்லை.
இறங்குதுறைக் கந்தோரில்
மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
காகத்தை நிறுத்த முடியவில்லை.
பல்கீஸ் டிக்கெட் கட்டுகளை ஒதுக்கிவிட்டு
ஒலிவாங்கியை உற்றுப் பார்த்தாள்,
இன்றைய மீனா நேற்றையதா என்று
செவுள் தூக்கிப் பார்ப்பதுபோல.

மூன்றே மூன்று சொல். ஒவ்வொன்றும் ஐந்து தரம்.
பொருளை யோசிக்க வேண்டாம் என்றேன்.

வித்து:
நுனிநாக்கு மேற்பல்லின் முதுகில்.
விற்று:
ஒரு நெல்மணி தூரம் பின்னே, முரசில்.
விட்டு:
இன்னும் பின்னே, நாக்கு மடிந்து அண்ணத்தில்.
மூன்றிலும் நடுவே மூச்சு அடைபடும்.
திரையில் அந்த இடம் வெறும் வெள்ளை.
நான் அளப்பது அந்த வெள்ளையை,
நொடியை ஆயிரமாய் நறுக்கி.

நாலாம் சுற்றில் நிறுத்தினாள்.
"ஆர் இந்தச் சொல்லுகளை எடுத்தது?"
நான்தான்.
"தோப்பூர்ல ஒரு ஏக்கர் இருந்த.
வாப்பா அதுலதான் வித்துப் போட்டவர்.
பிறகு அதையே வித்துப்போட்டார்."
சிரித்தாள். எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
வாசிக்கும்போது முரசில் நின்ற நாக்கு
கதைக்கும்போது பல்லுக்குப் போய்விட்டது:
விதைத்ததும் விற்றதும் ஒரே ஒலி.
இடைவெளியில்தான் ஒரு போகத்து வித்தியாசம்,
அதை எந்தக் கருவியும் காட்டாது.
"மிச்சத்தை விட்டுப்போட்டு வந்தம்" என்றாள்.
இந்த டகரத்தில் மட்டும் மாற்றமில்லை.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.
இதெல்லாம் பட்டியலில் இல்லாத பேச்சு,
வெட்டியெறிய வேண்டியது. எறியவில்லை.

சென்னையிலிருந்து உமையாள் எழுதியிருந்தாள்:
கோப்பில் ஏதோ பிழை,
'விட்டு' பத்துத் தரம் கேட்கிறது,
'விற்று' எங்கே?
அவள் காதில் எங்கள் றகரம்
டகரமாய் விழுகிறது, அது அவள் குற்றமல்ல.
ஆனாலும் அன்று இரவு
பதில் எழுத உட்கார்ந்தவன்
உள்துறைமுகத்துப் பக்கம்
சும்மா நடந்துவிட்டு வந்தேன்.
தெருவிளக்கின் கீழே புள்ளிமான் ஒன்று
சிமெந்துப் பையை மென்றுகொண்டிருந்தது.

ஐந்தாம் சுற்று, கடைசிச் சொல்:
வெள்ளை நானூற்றுப் பன்னிரண்டு.
மற்றதெல்லாம் இருநூறைத் தாண்டவில்லை.
விலக்குவதென்றால் காரணம் எழுத வேண்டும்.
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
'படகின் சங்கு, இடையூறு.'

திரும்பவும் போட்டுக் கேட்டேன்.
சங்கு ஊதவில்லை.
காகம்கூட இல்லை அங்கே.