412: வெப்பம்

குளிர் என்று ஒரு பொருள் இல்லை.
நேர்முகத் தேர்வில் இதைச் சொன்னபோது
சிரித்தார்கள். வேலையும் தந்தார்கள்.
இருப்பது வெப்பம் மட்டும்.
அதை ஓரிடத்தில் தூக்கி
வேறிடத்தில் இறக்கிவைப்பது எங்கள் தொழில்.
புறக்கோட்டை நாட்டாமிக்கும் எனக்கும்
சம்பளச் சீட்டின் நிறம்தான் வேறு.

நாரஹேன்பிட்டியில் ஐந்து மாடி ஆஸ்பத்திரி.
கூரையில் மூன்று பெட்டிகள், கீழே நாற்பத்தொரு அறைகள்,
நடுவே செம்புக் குழாய்:
கட்டைவிரலை விடப் பருத்துத் தொடங்கி
கிளைவிட்டுக் கிளைவிட்டு
பென்சில் அளவில் முடிவது.

பழைய மெஷினுக்கு இரண்டு சொற்கள்தான் தெரியும்.
ஓடு. நில்.
மட்டக்குளி பஸ் சாரதியைப் போல
ஒன்றில் மிதிப்பு, ஒன்றில் பிரேக்,
நின்றுகொண்டு வருபவர் பாடு அவர் பாடு.
இது அப்படியல்ல.
அறைக்கு ஒரு வால்வு,
ஊசிமுனை நகர்ந்து திறக்கும் சின்ன வாய்.
மூன்றாம் மாடி டொக்டர் பதினெட்டு கேட்பார்,
கணக்குப் பிரிவு இருபத்துமூன்று,
பூட்டிக்கிடக்கும் பிரார்த்தனை அறை எதுவும் கேட்காது.
கேட்டதையெல்லாம் கூட்டிப் பார்த்து
அவ்வளவுக்கே சுழலும் கொம்ப்ரஸர்,
மருதானைக் கடையில் நிஸ்தார் நானா
வாசலில் தலைகளை எண்ணி
உலையில் அரிசி போடுவதுபோல.

திரவமாகப் போகிறது.
ஊசி வாயில் நெருக்குண்டு
அப்பால் விழுந்ததும் அழுத்தம் குறைந்து கொதிக்கிறது,
ஐந்து பாகையில்.
கொதிப்பதென்றால் சுட வேண்டுமென்று யார் சொன்னது?
கொதிக்க வேண்டிய சூட்டை அறையிடம் கடன் வாங்கி
ஆவியாய்க் கூரைக்குத் திரும்பி
கொம்ப்ரஸரில் நசுங்கிக் கொதிகொதித்து
கடனைக் கொழும்பு வானத்தில் கொட்டுகிறது.
காகங்கள் அந்த விசிறிப் பக்கம் வருவதில்லை.
மழைநாளில் மட்டும் ஓரமாய் வந்து
சிறகு உலர்த்தும்.

மூன்றாவது குழாய் ஒன்றும் உண்டு.
ஓர் அறைக்கு வேண்டாத சூட்டை
வேண்டிய அறைக்குக் கொண்டுபோக.
பூட்டும்போதே கொன்ட்ராக்டர் விதானகே சிரித்தார்:
"கொழும்பில யார் மல்லி ஹீட்டர் கேக்கிறது?"
நாலு வருஷம்
எவரும் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி இரண்டு பத்துக்கு இன்டர்கொம்.
மிஸ் தில்ருக்ஷி.
தியேட்டரிலிருந்து 412க்கு வந்த அம்மா நடுங்குறா,
மூண்டு போர்வை போட்டாச்சு, ஏசிய நிப்பாட்டுங்க.
நிப்பாட்டலாம் மிஸ், அதைவிட ஒன்று செய்யலாம் என்றேன்.
சொன்னபிறகுதான் பயம் வந்தது.

திரையில் 412இன் நீலத்தைத் தொட்டுச் சிவப்பாக்கினேன்.
நாலாம் மாடிக் கூரைத்தட்டுக்கு மேலே
கிளைப்பெட்டிக்குள்
ஒருநாளும் அசைந்திராத வால்வு முனகியது.
ஏணியில் ஏறி, கறுப்பு உறையை விலக்கி
குழாயில் கைவைத்தேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு மணிக்கட்டில் விட்டுப் பார்க்கும்
ஒரு சொட்டுப் பாலின் சூடு.
பிறகு கையை எடுக்க வேண்டியதாயிற்று.

அது எங்கிருந்து வந்த சூடு?
இரவிலும் கண்மூடாத ஸ்கேன் அறை மெஷின்களிடமிருந்து.
அவசரப் பிரிவு வாங்கில் காத்திருந்த
ஏழு பேரிடமிருந்து.
அதில் ஒருவர் அழுதுகொண்டிருந்தாராம், உபுல் சொன்னான்.
சும்மா இருப்பவருக்கு நூறு வாட் என்று கையேட்டில் இருக்கிறது.
அழுபவருக்கு எவ்வளவென்று இல்லை.
கூரையில் ஒரு விசிறி தானாய் வேகம் குறைந்தது.
வானத்தில் கொட்ட
அவ்வளவு மிச்சமில்லை.

மூன்றே முக்காலுக்கு மறுபடி மிஸ்.
"நித்திரை."
அந்த அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது.
22, 23.5, 26 என்று ஏறிய எண் தெரியும்.

விடிந்ததும் பதிவேட்டில் எழுதினேன்: 412, வெப்பம்.
மேற்பார்வையாளர் சிவப்புப் பேனையால் சுற்றி
கேள்விக்குறி போட்டார்.
விளக்கத்துக்கு ஒன்றரை வரி இடம்.
'கேட்டார்கள்' என்று எழுதினேன்.

வெளியே ஏழு மணிக்கே வெயில்.
பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன்,
சட்டை முதுகில் ஒட்ட,
பக்கத்து உடம்புகளின்
நூறு நூறு வாட்டுக்குள்.