பதினொரு நிமிடம்

சார்னியாவில், கல்லூரியின் இரண்டாம் மாடியில்
வாரம் இருமுறை ஓர் ஆலையைக் கொல்கிறோம்.
ஐந்து திரை, கத்தித் தீராத அலாரங்கள்,
கோபுரம் என்றுதான் அதற்குப் பெயர், உள்ளே சாமி இல்லை,
கொதிக்கும் எண்ணெய்.
நிரம்பி வழிந்தால்
திரை சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான்.
லாரோக் ஒரு பொத்தானை அழுத்துவார்:
ஒன்பதேகாலுக்குத் திரும்பிவிடும் உலகம்.
ஒருவருக்கும் தலைமுடி கருகுவதில்லை.

மேகன் திரைக்கு முன்னால்.
பக்கத்து அறையில் ரேடியோவும் நானும்.
அன்றைக்கு என் பெயர் வெளியாள்.
"அடிப்பம்ப் நின்றுவிட்டது. மாற்றுப் பம்பின்
வெளிவாய் வால்வைத் திற."
மௌஸைத் தட்டுவேன். பச்சை.
"திறந்தாயிற்று."
வாயிலிருக்கும் மஃபின் துண்டு
தொண்டைக்குள் இறங்கியிருக்காது.

பிறகு பெப்ரவரி.
ஆற்றோரத்து ஆலையில் நான்கு மாதப் பயிற்சி,
உண்மையான வெளியாளாக.
இரவு மூன்று மணி, மைனஸ் பத்தொன்பது.
வேறொரு குரலில் அதே வாக்கியம் காதுக்குள் வந்தது.

எந்தப் பம்ப்?
திரையில் அது என் பெருவிரல் நகம்.
இங்கே ஒரே முகத்தோடு எட்டு,
பெயர்ப்பலகைகளில் உறைபனி.
கையுறையால் தேய்த்துப் படித்தேன்.
நம்பாமல் இன்னொரு முறை.
எங்கோ கசிந்த நீராவி கண்ணாடியில் அப்பிப் பனியாயிற்று.
சக்கரம் அசையவில்லை.
சாய்ந்தேன், தொங்கினேன்,
தெரிந்த மூன்று மொழியிலும் ஏசினேன்.
தமிழுக்குத்தான் நகர்ந்தது,
கால் சுற்று.

அந்த வால்வுக்கு இருபத்தாறு சுற்று. எண்ணினேன்.
நடுவில் ரேடியோ: "திறந்தாயா?"
பதில் சொல்ல மூன்றாவது கை இல்லை.

திறந்தாயிற்று என்றபோது பதினொரு நிமிடம்.
கோபுரம் வழியவில்லை.
கண்ட்ரோல் ரூமில் இருந்த பெண்
என்னைக் கூப்பிடும் முன்பே
உள்ளே வரும் எண்ணெயைப் பாதியாக்கியிருந்தாள்,
என் இரண்டு கைகளுக்கும்
இடம் விட்டு.

மே மாதம், மறுபடி இரண்டாம் மாடி.
மேகன் "திற" என்றாள்.
மௌஸில் விரலை வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்தேன்.
"திறந்தாயா?"
இல்லை.
"என்ன செய்கிறாய்?"
பலகையைத் தேய்க்கிறேன்.
"விளையாடாதே!"
எட்டாவது சுற்று.

ஏழாம் நிமிடம் திரை சாம்பலானது.
கதவைத் தள்ளிக்கொண்டு வந்து மேகன் சொன்னதை
இங்கே எழுத முடியாது.
லாரோக் பொத்தானை உடனே அழுத்தவில்லை.
சாம்பலைக் கொஞ்ச நேரம் பார்க்கவிட்டார்.

ஒன்பதேகால்.
பம்ப் நின்றது.
ரேடியோ மௌனமாக இருந்தது;
என் திரையில் எண்ணெய் வரத்து மெல்ல இறங்கியது.
பிறகுதான் குரல் வந்தது,
"மாற்றுப் பம்ப், வெளிவாய் வால்வு",
சற்று இடைவெளி,
"வெளியே குளிரா?"

சன்னலுக்கு அப்பால்
அரைக்கால்சட்டை போட்ட ஒருவர்
புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

ஆமாம் என்றேன்.