நாற்பத்தேழாவது சுருள்

செர்க்னோவுக்கு மேலே, எங்கள் சரிவில்
ஆடுகூட ஒரு பக்கமாய்ச் சாய்ந்துதான் மேயும்.
பெரிய டிராக்டர் ஏறிய ஒரே ஆண்டில்
அது இறங்கியது தலைகீழாக.
ஓட்டிய யெர்னெய் பிழைத்துக்கொண்டான்.
கோப்பையை மட்டும்
இன்றைக்கும் இடது கையால்தான் பிடிப்பான்.

அதனால் மூன்று வீடுகள் காசு போட்டு
இந்தக் குட்டிப் பேலரை வாங்கினோம்.
சக்கரம் இரண்டு. பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க நான்.
முன்னால் ஒரு வயிறு, அவ்வளவுதான்.
வாரிப்போட்ட காய்ந்த புல்லை மென்று
உள்ளுக்குள்ளேயே சுருட்டிச் சுருட்டி
வலையைச் சுற்றி
வாயைப் பிளந்து ஒன்றைப் போடும்.
இருபத்திரண்டு கிலோ.
பள்ளிக்கூடம் சேர்ந்த அன்று என் மகள் இருந்த எடை.
தோளில் போட்டுக்கொண்டு ஏணி ஏறலாம்.

நான்காவது வீடும் சேர்வதாகத்தான் இருந்தது.
"பொம்மை" என்றான் லோவ்ரோ.
"புல் மரத்தட்டியில் தொங்கிக் காற்றைக் குடிக்கணும்.
அதைப் படுக்கை மாதிரிச் சுருட்டி வைப்பாளா ஒருத்தி?"
நான் அவன் புல்லைப் பற்றி ஒன்று சொன்னேன்,
அவன் பசுவைப் பற்றி ஒன்று,
அவன் தாயைப் பற்றி ஒன்று.
மூன்றாவதைச் சொல்லியிருக்க வேண்டாம்.
இரண்டு கோடை பேச்சில்லை.
அவன் வீடு என் சரிவுக்கு நேர் கீழே.
துணி காயப்போடும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போடுவேன்.

எந்திரத்துக்கு ஒரே ஒரு விதி:
வாய் திறக்குமுன்
சரிவுக்குக் குறுக்கே திருப்பி நிறுத்து.
நாற்பத்தாறு சுருளுக்குத் திருப்பினேன்.
அப்போது இத்ரியா பக்கம் இடி உருண்டது.
இன்னும் மூன்று வரிசை பாக்கி.
மேல் நோக்கி ஏறிக்கொண்டிருந்தவள்
அப்படியே நெம்புகோலை இழுத்துவிட்டேன்.

முதலில் அது யோசித்தது.
தூக்கத்தில் புரள்வதுபோல் ஒரு புரளல்.
பிறகு கீழே பள்ளத்தாக்கு இருப்பது
அதற்கு நினைவு வந்துவிட்டது.

பாறையில் ஏறித் தாவி
எங்கள் வேலியின் ஒரு கம்பத்தைச் சாய்த்து
கோழிகளை இரண்டாய்ப் பிரித்து
லோவ்ரோவின் பீன்ஸ் பந்தலுக்குள் நுழைந்து
மறுபக்கம் கொடியோடு வெளியே வந்து
தொழுவக் கதவில் போய்
ஒரு தட்டு.
மரியாதையாக, ஒரே ஒரு தட்டு.

கதவு திறந்தது.
அவன் தொப்பி தெரிந்தது, அண்ணாந்தது.
நெம்புகோலைப் பிடித்தபடி நான்.
கை அசைக்கவில்லை. அவனும்தான்.
குனிந்தான். ஒரு பிடி உருவினான்.
மூக்கருகே கொண்டுபோனான் என்று
சத்தியம் செய்ய முடியாது, அவ்வளவு தூரம்.
ஆனாலும் கை அங்கேயே நெடுநேரம் நின்றது.
அப்புறம் காலால் உள்ளே உருட்டிவிட்டுக்
கதவைச் சாத்திக்கொண்டான்.

மழை வந்தது. மூன்று வரிசையும் நனைந்தது.

பத்து நாள் கழித்து ஏறி வந்தான்.
கையில் வலை, கழுவி,
கைக்குட்டைபோல் மடித்து.
"உன்னுடையது."
"புல்?"
"பசு தின்றுவிட்டது."
வருத்தம் ஒரு துளி இல்லை குரலில்.
எந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.
அணைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு
வாய்க்குள் முழங்கைவரை விட்டுத் துழாவினான்.
"பீன்ஸ் கம்பு எட்டு" என்றான்.
"தருகிறேன்" என்றேன்.
அவன் தாயைப் பற்றியும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்,
வந்தது வேறு:
"புதன்கிழமை இது சும்மாதான் நிற்கும்."
மேற்கே பார்த்தான்.
"புதன் மழை."
இறங்கிப் போய்விட்டான்.

புதன்கிழமை மழைதான்.
அந்த ஆளுக்கு வானம் மட்டும் தப்பாது.

எந்த நாள் எந்த வீடு என்று குறிக்கும்
அடுப்படி நாட்காட்டியில்
வெள்ளிக்கு எதிரே இடம் வெறுமையாக இருக்கிறது.
எழுத எடுத்திருக்கிறேன்.
பென்சில்தான்.