மேசைமேல் அறுபத்து மூன்று

எலிசபெத்டவுனில், மருந்துக்கடைக்கு மாடியில்,
வக்கீல் அலுவலகத்தின் நீள மேசை.
அதன்மேல் பச்சைக் கம்பளித் துணி, நான் கொண்டுபோனது.
வெர்லின் ஒரு முனையில், டோனெட்டா மறுமுனையில்.
நடுவில் அறுபத்து மூன்று மடக்குக் கத்திகள்.

"எல்லாம் சந்தைச் சரக்கு" என்றான் அவன்.
"இருபதாயிரம் டாலர் தேறும்" என்றாள் அவள்.
நான் எழுதும் தொகையில் பாதி அவளுக்கு, நீதிபதி உத்தரவு.
இருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை,
பென்சிலைப் பார்த்தார்கள்.

நான் முதலில் கேட்பேன், பிறகுதான் பார்ப்பேன்.
பானையைச் சுண்டி வாங்குவதுபோலத்தான்.
அலகைப் பாதி மடக்கி விரலை எடுத்தால்
நல்ல வில் 'டக்'கென்று வாயை மூடும்.
தளர்ந்தது முணுமுணுத்துக்கொண்டே போய்ப் படுக்கும்:
முப்பது டாலர் குறை.

தீட்டித் தீட்டி இளைத்த அலகு, பன்னிரண்டு.
மான்கொம்புப் பிடி, விரிசல் இல்லை, நூற்றெண்பது.
மஞ்சள் செல்லுலாய்டு. கற்பூர வாடை.
பெட்டிக்குள் மெல்ல வியர்த்து வியர்த்துப்
பக்கத்தில் படுத்த ஐந்தையும் துருவாக்கியிருந்தது.
ஆறுக்கும் சேர்த்து நாற்பது.

கண்ணாடியாய் மின்னிய ஏழு கத்திகளை எடுத்து வைத்தேன்.
"யாரோ மெஷினில் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள்.
பாதி விலைதான்."
டோனெட்டா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.
வெர்லின் கீழே நிறுத்திய தன் வண்டியை எட்டிப் பார்த்தான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியாக, தனிப் பெட்டியில், வெல்வெட்டில் ஒன்று.
முத்துச்சிப்பிப் பிடி.
ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காதென்பார்கள்;
இதற்குள் மூன்று அலகு, தோள் உரசாமல்.
தொண்ணூற்றேழில், நாஷ்வில் கண்காட்சியில்,
ஆயிரத்து நூறு கொடுத்தானாம். ரசீதை
கத்தியைவிடப் பத்திரமாக வைத்திருந்தான்.

பூதக்கண்ணாடியை முத்திரைமேல் பிடித்தேன்.
அலகுக்கு எண்பது வயது இருக்கும்;
அதில் வெட்டிய பெயருக்கு முப்பதுகூட இல்லை.
பழைய பெயரை அரைத்துவிட்டு
எவனோ பெரிய வீட்டுப் பெயரை வைத்திருக்கிறான்.

"போலி" என்றேன். "பதினைந்து டாலர்."

அவன் சிரித்திருக்க வேண்டும்.
ஒரே சொல்லில் ஐந்நூற்றுச் சொச்சம் மிச்சம்.
அவன் வக்கீல்கூடத் தலையாட்டிவிட்டார்.
வெர்லின் எழுந்த வேகத்தில் நாற்காலி சரிந்தது.
"உமக்கு என்ன தெரியும்? அசல் ஐயா இது!
இன்றைக்கு விற்றாலும் இரண்டாயிரம்!"
வக்கீல் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.
"எழுதும், இரண்டாயிரம் என்று எழுதும்!"

அதுவரை அவன் பக்கமே திரும்பாதிருந்த டோனெட்டா
திரும்பினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு என்னிடம்,
"பதினைந்தே இருக்கட்டும்" என்றாள்.

மொத்தம் நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து.
என் கூலி இருநூறு, ஆளுக்குப் பாதி.
துணியை மடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன்.
பின்னால் அவன் அந்தக் கத்தியைத் திறந்து
மூடும் சத்தம் கேட்டது.
டக்.

வில் நன்றாகத்தான் இருக்கிறது.
இருபது போட்டிருக்கலாம்.