இரண்டில் ஒன்று

பாகம் பிரித்த அன்று
பித்தளை அண்டா லாத்தாவுக்கு, தேக்கு பீரோ எனக்கு.
வாப்பா பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்த
ஸ்பீக்கர் ஜோடியை என்ன செய்வதென்று
ஜமாஅத்திலிருந்து வந்தவர்களுக்கும் தெரியவில்லை.
ஆளுக்கு ஒன்று என்றார் மீராலெப்பை மாமா.
அவருடைய டீ ஆறிக்கொண்டிருந்தது.

பதினொரு வருஷம் என்னுடையதன் மேல்
தண்ணீர்க் கேன் இருந்தது.
கீழக்கரைக் காற்று இரும்பைத் தின்னும், எல்லாருக்கும் தெரியும்.
ஃபோமையும் தின்கிறது.
கூம்பைச் சுற்றியிருந்த வளையம்
தொட்டதும் கருப்பட்டிப் பாகாய் விரலில் இழுத்தது.

காந்தம், கம்பிச்சுருள், காகிதக் கூம்பு:
ப்ளஸ் டூ பிள்ளைகளுக்காகக் கரும்பலகையில்
எத்தனையோ தடவை வரைந்தவள்தான்,
கையில் எடுத்தது இந்தக் கோடை லீவில்.

எட்டு திருகாணி. மூன்று துருவில் இறுகிக் கிடந்தன,
பற்றுக்கோலால் தலையைச் சுட்டபிறகு அசைந்தன.
உள்ளே, காற்றுத் துளையில், குளவி கட்டிய மண்வீடு,
ஐந்து அறை, ஆளில்லை.
பஞ்சு போதாமல் யாரோ
கட்டம் போட்ட கைலித் துண்டைத் திணித்திருந்தார்கள்.
வாப்பாவுடையது இல்லை.
வாப்பா வெள்ளைதான் உடுத்துவார்.

கோயம்புத்தூரிலிருந்து வளையம் வந்தது
கால் இஞ்சு பெரிதாக.
திருப்பி அனுப்பி இன்னொன்று வர
ஒன்பது நாள்.

சுருள் நட்டநடுவில் நிற்க வேண்டும்,
மயிரிழை விலகினாலும் உரசும்.
காகிதப் பட்டை வைத்தேன், மடங்கியது.
என் வீட்டுக்காரரின் நெஞ்சு எக்ஸ்ரே,
ஒன்றுமில்லை என்று ராமநாதபுரம் டாக்டர் சொன்னது,
அதை நாலு பட்டையாக வெட்டிச் செருகினேன்.
கம்பிக்கும் காந்தத்துக்கும் இடையே
அவருடைய விலா எலும்பு ஒன்று
விடியும்வரை அசையாமல் நின்றது.
பசை காய்ந்தது.

மரத்தின் மேல் கேன் விட்டுப்போன வட்டம்.
நூற்றிருபது நம்பர் உப்புத்தாள், பிறகு இருநூற்றிருபது,
பிறகு நானூறு. மங்கியது, போகவில்லை.
மேல்தோல் நகக்கனம்தான்.
இன்னும் தேய்த்தால் தூள்பலகை பல்லை இளிக்கும்.
நிறுத்திக்கொண்டேன்.
உப்பிய மூலையை, துணி வைத்து,
யூனிஃபார்ம் தேய்க்கிற சூட்டில் அழுத்தினேன்.
மூன்று கை ஆளிவிதை எண்ணெய்.

ஒற்றையாகப் பாடவிட்ட அன்று
நாலு வீடு தாண்டிக் கேட்டிருக்கும் போல.
மறுநாள் லாத்தா மகன் ஜலால்
ஆட்டோவில் மற்றதைக் கொண்டுவந்து இறக்கினான்.
“சரிபண்ணித் தரச் சொன்னாஹ.
கூலி எவ்வளவுன்னு கேக்கச் சொன்னாஹ.”

அதற்கு எக்ஸ்ரேயின் மிச்சம் சரியாக இருந்தது.

இரண்டையும் அருகருகே வைத்து
கல்யாண வீட்டில் பதிந்த தஃப் அடியைப் போட்டேன்.
குரல் வந்தது, கைத்தட்டு வந்தது, தஃப் வரவில்லை.
தனித்தனியாகப் போட்டால் நெஞ்சில் இடிக்கிற அடி
சேர்த்துப் போட்டால் காணோம்.

ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன்.
என்னுடைய கூம்பு முன்னே வந்தது,
லாத்தாவுடையது பின்னே போனது.
ஒன்று தள்ளும்போது ஒன்று இழுத்திருக்கிறது.
ஒயரை மாற்றிவைத்தவர் யார், எதில் மாற்றினார்,
பார்த்துச் சொல்ல வழியில்லை.
பச்சை பூத்த முனைகளில்
சிவப்பும் கறுப்பும் எப்போதோ அழிந்துவிட்டன.
தனியாக இருக்கிறவரை இரண்டுமே சரி.
எதை மாற்றினாலும் போதும்.

வெளியே ஒயரை மாற்றிச் செருகினாலே வேலை முடியும்.
இருந்தாலும் என்னுடையதைத் திறந்தேன்,
எட்டு திருகாணி,
உள்ளேயே மாற்றிப் பற்றவைத்தேன்.

தஃப் தரை வழியாக வந்தது.
சர்க்கரை டப்பாவின் மூடி நடுங்கியது.

ராத்திரி ஜலாலின் நம்பரிலிருந்து போன்.
கூலி எவ்வளவு?
ஜோடியாக வைத்துக் கேட்டுவிட்டுத்தான்
சொல்ல முடியும் என்றேன்.
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்.
“யார் வூட்டுல வச்சு?”

அது ஜலாலின் குரல் இல்லை.