கறுப்பு முக்கோணம்

அல் ஐனில் வெளியே நாற்பத்தேழு.
எலி அறையில் எப்போதும் இருபத்திரண்டு.
அதற்காகவே இந்த வேலை பிடிக்கும் என்று
முதல் வருஷம் எல்லாரிடமும் சொன்னேன்.

தொட்டித் தண்ணீரில் நான்தான் பால்பவுடர் கலக்குவேன்.
டீக்குப் போடும் அதே பவுடர், கரண்டி மட்டும் வேறு.
வெண்மைக்கு அடியில், ஒரு விரற்கடை ஆழத்தில்,
சுண்டெலி ஏறி நிற்க ஒரு மேடை.
கண்ணுக்குத் தெரியாது. நினைவில் இருக்கவேண்டும்.
சுவரில் அட்டைகள்: வட்டம், கோடுகள், சிலுவை,
கறுப்பு முக்கோணம்.
முக்கோணத்தைப் பார்த்து நீந்தினால் கரை.
நல்ல எலி நாலாம் நாள் ஏழு விநாடியில் ஏறிவிடும்.
ஏறி நின்று மீசையைத் துடைத்துக்கொள்ளும்,
நேரத்துக்கு ஆபீஸ் வந்த ஆள்போல.

குடலில் துளையிட்ட கூட்டம் வேறு.
டாக்டர் ரீம் கையால் ஊசிமுனை அளவு ஒரு துளை.
மிச்சத்தைக் குடலே பார்த்துக்கொள்ளும்.
மறுநாள் மயிர் சிலிர்த்து, கண் ஒட்டி,
மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும்.
இரண்டு மணிக்கொரு தரம் எண்ணி எழுதுவேன்.
இருபதில் பதினொன்று பிழைத்தன.
ரிஜிஸ்டரில் அது என் கையெழுத்து.

பிழைத்தவை தின்னும், சக்கரத்தில் ஓடும், எடை கூடும்.
ஒரு மாதம் கழித்துத் தொட்டியில் விட்டால்
சுற்றும். சுவரோரமாகவே சுற்றும்.
நேற்று நானே ஏற்றிவிட்ட மேடையை
நீந்திக் கடந்து போகும்.
அறுபது விநாடி ஆனதும் கையை நீட்டித் தூக்குவேன்.

ஒருநாள் ரீம் கூப்பிட்டுக் காட்டினார்.
வெங்காயத் தோலைவிட மெல்லிய மூளைச் சீவல்.
நினைவு தங்கும் மடிப்புக்குக்
கடற்குதிரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
அங்கே காவல் செல்கள். நோய் காணாத எலியில்
சாலையோரக் காஃப் மரம்போல் கிளை விரித்து நின்றன.
மற்றதில் கிளைகளை உள்ளே இழுத்துக்கொண்டு
உருண்டு பருத்து,
நரம்போடு நரம்பு கைகோத்த இடங்களைத்
தின்றுகொண்டிருந்தன.
'கிருமி மூளைக்கு வரவேயில்லை,' என்றார்.
'உடம்பைவிட்டுப் போயும் ஒரு மாதம் ஆச்சு.
இவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.'

போன டிசம்பரில்
அந்தோணிப்பிச்சைக்குக் காலில் ஆணி.
சாரம் கட்டுகிறவன், ஆணியெல்லாம் அவனுக்குக் கொசுக்கடி.
மூன்றாம் நாள், பெயர் கேட்டால் ஊர் சொன்னான்.
பதினாறு நாள் ஐ.சி.யு.
பலகையில் அவன் பெயரை
மூன்று துண்டாக உடைத்து எழுதியிருந்தார்கள்.
வந்துவிட்டான். சாப்பிடுகிறான், சீட்டாடுகிறான்.
சிகரெட்டை விட்டுவிட்டான், அல்லது
சிகரெட் பிடித்ததையே மறந்துவிட்டான்.

சனையா கேம்ப்பில் எல்லா மாடியும் ஒரே மாடி.
அதே பழுப்புக் கதவு, அதே செருப்புக் குவியல்.
எங்கள் அறை மூன்றில். அவன் இரண்டில் நிற்பான்,
நான்கில் நிற்பான், நடைவழிச் சுவரைத் தொட்டபடியே
ஒரு சுற்று, இன்னொரு சுற்று.
பெஷாவர்க்காரர்கள் கையைப் பிடித்துக்
கொண்டுவந்து விடுவார்கள்.
'தண்ணி போட்டிருக்கான்,' என்றான் ஃபோர்மேன்.

ரீமிடம் கேட்டேன், யாருக்கென்று சொல்லாமல்.
'எலி எலிதான். இதை வைத்து மனிதனைப் பற்றி
நான் ஒன்றும் சொல்ல முடியாது.'
கொஞ்ச நேரம் கழித்து,
'யார்?' என்றார்.

வியாழனன்று அட்டைகளை மாற்றினோம்.
ஓரம் ஊறிப்போன முக்கோணத்தைக்
குப்பையில் போட்டேன். எடுத்தேன்.
இப்போது அது எங்கள் கதவில், அவன் கண்மட்டத்தில்,
நாலு துண்டு டேப்பில்.
முதல் நாள் கடந்து போனான்.
இரண்டாம் நாளும்.

இன்று விளக்கணைத்துப் படுத்திருக்கிறேன்.
நடைவழியில் செருப்புச் சத்தம்.
கதவுக்கு வெளியே நின்றுவிட்டது.
என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருக்கிறேன்,
நாற்பத்தொன்று,
நாற்பத்திரண்டு